மூன்று மென்பொருள், ஒரே கோடு

ஜூலை 25, வெள்ளி

பெருமாள்புரம் ஸ்டூடியோவை இன்று அளந்தேன். மனசு சரியில்லை.

தனசிங் வீட்டு மாடியில், நான் வரைந்து கொடுத்து எட்டு மாதமாக எழும்பிக்கொண்டிருக்கும் அறை. இந்தப் பக்கத்தில் வெளிவரும் கிறிஸ்தவப் பாடல்களில் பாதிக்கு அவர்தான் இசை. அடுத்த மாதம் 23-ஆம் தேதி பிரதிஷ்டை ஆராதனை. பத்திரிகை அச்சுக்குப் போயாகிவிட்டது. அதில் ‘ஒலி வடிவமைப்பு: ஹெப்சிபா செல்வின்’ என்று என் பெயரும் இருக்கிறது.

மூலைகளிலும் பின்சுவரிலும் பேஸ் டிராப் தட்டிகளை நேற்றுதான் தச்சர் ஆவுடையப்பன் வைத்து முடித்தார். மரச்சட்டத்துக்குள் ராக்வுல் என்னும் பாறைப்பஞ்சுப் பலகைகளை அடுக்கி, மேலே துணி இழுத்துக் கட்டியவை. அறைக்குள் தேங்கும் தாழ்ந்த ஒலியைக் குடிப்பதுதான் அவற்றின் வேலை. கன மீட்டருக்கு அறுபத்துநாலு கிலோ கனமுள்ள பலகை வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தேன்.

நாற்காலி இருக்கும் இடத்தில் புது மைக்கை நிறுத்தி, ஸ்பீக்கரில் அடித்தொண்டையிலிருந்து கீச்சுவரை ஓசையை ஓடவிட்டேன். திரையில் கோடு வந்தது. ஜனவரியில் வெறும் அறையாக அளந்தபோது எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே எட்டு டெசிபல் மேடு இருந்தது. இத்தனை தட்டி வைத்த பிறகும் ஆறு டெசிபல் மேடு அப்படியே நிற்கிறது.

ஒன்றுதான் புரியவில்லை. அதே அளவீட்டில் ஒலி அடங்கும் நேரம் பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. தட்டிகள் வேலை செய்தால்தான் அப்படிக் குறையும். வேலை செய்தால் மேடு நிற்கக் கூடாது. இரண்டில் ஒன்று பொய். அடங்கும் நேரத்தைத்தான் இந்த இலவச மென்பொருள் தப்பாகக் கணக்கிடுகிறது என்று நினைக்கிறேன்.


ஜூலை 26, சனி

தனசிங்கிடம் காட்ட மேட்டின் படத்தை அச்சடித்து எடுத்துப் போனேன். அடங்கும் நேரத்தின் பக்கத்தை அச்சடிக்கவில்லை. பிரிண்டரில் மை குறைவாக இருந்தது.

தனசிங் முதலில் தனக்கு நன்றாகத்தான் கேட்கிறது என்றார். படத்தைப் பார்த்த பிறகு, ஆமாம், கொஞ்சம் ‘தும்’மென்றுதான் இருக்கிறது என்றார். கண் சொன்னதைக் காது கேட்டுக்கொண்டது. என் காதும் நன்றாகத்தான் இருக்கிறது என்றது. ஆனால் காதை நம்பித் தொழில் செய்ய நான் என்ன வித்துவானா?

அந்த நேரம் பார்த்து, துணிக்கு ஓரம் அடிக்க ஆவுடையப்பன் மேலே வந்தார். எலெக்ட்ரீஷியனும் பெயிண்டர்கள் இருவரும் அங்கே இருந்தார்கள். உள்ளே எந்தப் பலகை வைத்தீர்கள் என்று கேட்டேன். நீங்கள் எழுதிக் கொடுத்ததுதான் என்றார். கோடு அப்படிச் சொல்லவில்லையே ஆசாரி என்றேன். ஒன்பது வருடமாக அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். இன்று வாயில் ஆசாரி என்று வந்தது.

“டீச்சர், ஒரு தட்டியப் பிரிச்சுப் பாருங்க. நான் இங்கனதான நிக்கேன்” என்றார்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்திய காலத்திலிருந்து அவருக்கு நான் டீச்சர். துணியைக் கிழித்தால் இதே நிறத்தில் மறுபடி கிடைக்காது, பிரதிஷ்டைக்கு நாளும் இல்லை, கருவியே சொன்ன பிறகு பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்றேன். கனம் குறைந்த பலகையை உள்ளே வைத்து மூடிவிட்டீர்கள் என்று சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும்தான் சொன்னேன். அவர் சுத்தியலையும் ஸ்டேப்ளரையும் பைக்குள் போட்டுக்கொண்டு, தனசிங்கிடம் மட்டும் வாரேன் சார் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் ‘ஸ்டூடியோ வேலை’ வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, காரணத்தையும் இரண்டு வரியில் எழுதினேன். எழுத்தில் இருப்பது நல்லது. தனசிங் ஆவுடையப்பனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.


ஜூலை 27, ஞாயிறு

செல்வினிடம் நடந்ததைச் சொன்னேன். என் கணவர் வங்கிக்காரர். எதைச் சொன்னாலும் ரசீது கேட்பார். கேட்டுவிட்டு, போன மாதம் கதவு மூலைத் தட்டி விஷயத்தில் ஆசாரிமேல் உனக்கு வருத்தம் இருந்ததே என்றார்.

அது வேறு விஷயம். நான் வரைந்தபடி செய்தால் கதவு முழுதாகத் திறக்காது என்று ஆவுடையப்பன் என்னைக் கேட்காமலே தட்டியைச் சாய்த்து வைத்துவிட்டார். பார்ப்பதற்கும் நன்றாக இருந்தது, ஒலிக்கும் அதுதான் சரி. தனசிங் சிரித்துக்கொண்டே இனி டீச்சருக்குப் பதில் ஆசாரியையே வரையச் சொல்லலாம் போல என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.


ஜூலை 30, புதன்

புது அளவீட்டு மென்பொருள் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். இலவசத்தில் எல்லாம் இருக்கிறது, ஆனால் தப்பு வந்தால் யார் சட்டையைப் பிடிப்பது? அதன் இணையக் குழுவில் சந்தேகம் கேட்டால் பத்துப் பேர் பதினோரு பதில் சொல்லித் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். மேட்டையும் அடங்கும் நேரத்தையும் ஒத்துப்போகக் காட்ட வேண்டும். அறிக்கையை என் பெயரோடு அழகாக அச்சடித்துத் தர வேண்டும். ஜெர்மனியில் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஒன்று, மேடைக் கச்சேரிக்காரர்கள் வைத்திருப்பது. புனேயில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் எழுதியது ஒன்று. அதைத் திறந்தாலே ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி கேள்வியாகக் கேட்கிறது. அதை மூடிவிட்டேன்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. முழங்கால் வலியென்று அப்பமும் ரசமும் வாங்கப் பந்திக்கு எழும்பவில்லை. சிலிண்டர் தீர்ந்தது.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஜெர்மன் மென்பொருளைப் பதினாலு நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்று நேற்று இறக்கினேன். பழைய கோப்புகளை எல்லாம் அதுவே எடுத்துக்கொண்டது, கெட்டிக்காரப் பிள்ளை. இன்று காலை அதைக் கொண்டு அறையை அளந்தேன்.

அதே ஆறு டெசிபல் மேடு. அப்பாடா என்றிருந்தது. பிறகு அடுத்த பக்கத்தைத் திறந்தேன். அடங்கும் நேரமும் இலவச மென்பொருள் காட்டிய அதே அளவுதான், இம்மியும் மாறவில்லை.

அப்படியானால் அது கணக்குத் தப்பில்லை. ஜெர்மன்காரனும் தப்பு செய்வானா? அறையின் நீளம் ஏதாவது விளையாடுகிறதோ என்று பார்க்க வேண்டும். கரண்ட் பில் கட்ட மறந்துவிட்டேன், நாளை கடைசி நாள்.


ஆகஸ்ட் 7, வியாழன்

நாசரேத் பக்கத்திலிருந்து ஜெயக்கொடி என்று ஒருவர் பேசினார். ஒரு பள்ளிக்கூடத்தின் கட்டடக் குழுச் செயலாளர். எழுநூறு பேர் உட்காரும் கலையரங்கம் கட்டுகிறார்களாம், உள்ளே மரவேலை முழுவதையும் ஆவுடையப்பனுக்குக் கொடுக்க உத்தேசம். ஒன்றரை வருட வேலை. ஏதோ பேச்சு அடிபடுகிறதே, நீங்கள்தான் அவரோடு அதிகம் வேலை செய்தவர், ஆள் எப்படி என்று கேட்டார்.

நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை என்றேன். யாரைப் பற்றியும் தப்பாகச் சொல்லிப் பழக்கமில்லை. அவர், சரி மேடம், 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குழு கூடி முடிவெடுக்கும், அதற்குமுன் ஏதாவது சொல்லத் தோன்றினால் கூப்பிடுங்கள் என்றார். நம்பரைச் சேமித்து வைத்தேன்.


ஆகஸ்ட் 9, சனி

அமெரிக்க மென்பொருளையும் பார்த்தாகிவிட்டது. அதே மேடு, அதே அடங்கும் நேரம்.

மூன்று மென்பொருள், ஒரே கோடு. மூன்று சாட்சி ஒன்றாகச் சொன்னால் எந்த நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளும். செல்வினிடமும் அதைத்தான் சொன்னேன். மூன்று பேரும் ஒரே பேப்பரைப் படித்துவிட்டு வந்து சொன்னால், என்றார். எதைச் சொன்னாலும் குதர்க்கம்.


ஆகஸ்ட் 11, திங்கள்

தனசிங் அவசரப்படுகிறார். மதுரையிலிருந்து வேறு ஆட்களை வரவழைத்து எல்லாத் தட்டிகளையும் உடைத்துப் புதிதாகச் செய்துவிடலாம் என்கிறார். நாள் வேண்டும் என்றேன். எங்கே எவ்வளவு தேங்குகிறது என்று சரியாகத் தெரியாமல் உடைத்தால் மறுபடியும் இதே கதைதான், நல்ல மென்பொருளாகத் தேர்ந்தெடுத்த பிறகு உடைப்போம் என்று விளக்கினேன். பிரதிஷ்டை முடிந்து மறுநாள் உடைப்பது என்று பேசி முடித்தோம்.

அவர் போன பிறகு தட்டியருகே போய் நின்றேன். ஆவுடையப்பன் துணியை ஓரத்தில் இழுத்துப் பிடித்து, உள்ளுக்குள் மடித்துப் பின் அடித்திருக்கிறார். ஒரு சுருக்கம் இல்லை. ஒரு பின்னை மட்டும் நகத்தால் நெம்பிப் பார்த்தேன், வரவில்லை, விட்டுவிட்டேன்.


ஆகஸ்ட் 14, வியாழன்

சாப்பிடும்போது செல்வின் ஆரம்பித்தார். “ஒரு தட்டியப் பிரிச்சா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிரும்லா. இதுக்குப் போயி எதுக்கு ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் அலையுத?”

என் தொழிலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கத்திவிட்டேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். சாளை மீன் குழம்பு, அவருக்குப் பிடிக்குமே என்று வைத்தது. நானும் சாப்பிடவில்லை.

பிரித்து, உள்ளே அறுபத்துநாலு கிலோப் பலகையே இருந்தால்? இருக்காது. மூன்று மென்பொருள் சொல்கிறது.


ஆகஸ்ட் 16, சனி

துணி துவைத்தேன். தண்ணீர் வர நேரமாகிவிட்டது. வேறொன்றும் இல்லை.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஜெர்மன்காரனின் பதினாலு நாள் நேற்றோடு முடிந்தது. திறந்தால் காசு கட்டு என்கிறான். அமெரிக்கனின் அறிக்கை கண்றாவி. கச்சேரி மேடைக்குச் சரி, ஸ்டூடியோவுக்கு ஆகாது. மிச்சம் இருப்பது புனேக்காரர்தான். வேறு வழியில்லாமல் அதையே இறக்கினேன். இருபத்திரண்டு கேள்வி. அறையின் நீள அகல உயரம், கதவின் கனம், அன்றைய வெப்பம், எந்த ஸ்பீக்கர், எந்த ஆண்டு வாங்கியது. மனிதர் பெண் பார்க்க வந்தவர் மாதிரி விசாரிக்கிறார். பாதியில் அலுத்து நிறுத்திவிட்டேன். வியாழக்கிழமை ஸ்டூடியோவில் வைத்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.


ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை பத்தரைக்கு ஸ்டூடியோவில் புனே மென்பொருளைத் திறந்தேன். பதினேழாவது கேள்வி, மைக்கின் எண் என்ன. மைக்கைத் திருப்பி, உடம்பில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்துத் தட்டினேன். பதினெட்டாவது, மைக்கின் திருத்தக் கோப்பைக் கொடு. வழக்கமான கோப்பைக் கொடுத்தேன். சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. இந்தக் கோப்பு இந்த மைக்குக்கு உரியது அல்ல.

ஒவ்வொரு அளவீட்டு மைக்கோடும் அதற்கென்று ஒரு திருத்தக் கோப்பு வரும். இந்த மைக் எந்த ஒலியைக் குறைத்துக் கேட்கும், எதைக் கூட்டிக் கேட்கும் என்ற கணக்கு அதில் இருக்கும். மென்பொருள் அதைப் பார்த்துச் சரி செய்துகொள்ளும். என் பழைய மைக்குக்குத் தாழ்ந்த ஒலி சரியாகக் கேட்காது. அதனால் அதன் கோப்பு அடியில் ஆறு டெசிபல் கூட்டிக் கொடுக்கும். அந்த மைக் மே மாதம் ஒரு கோயிலில் ஸ்டாண்டோடு விழுந்து செத்துப்போனது. ஜூனில் புதியது வந்தது. வந்த அன்று மதியமே ஒரு கல்யாண மண்டபத்தை அளக்க வேண்டியிருந்தது. பெட்டியைப் பிரித்துச் செருகிக்கொண்டு ஓடினேன். புது மைக்கின் கோப்பை இறக்க வேண்டும், நாளைக்குச் செய்யலாம் என்று இருந்தேன். மடிக்கணினி பழைய கோப்பையே வைத்துக்கொண்டிருந்தது.

புது மைக்குக்குக் காது நன்றாகவே கேட்கும். அதற்குப் போய் ஆறு டெசிபல் கூட்டினால் மேடு வராமல் என்ன செய்யும்? மூன்று மென்பொருளுக்கும் நான் கொடுத்தது அந்த ஒரே கோப்பு. எடைக்கல் தப்பாக இருந்தால் எந்தத் தராசில் போட்டாலும் எடை தப்பும். ஆனால் அடங்கும் நேரத்துக்கு எடைக்கல் தேவையில்லை. அது முதல் நாளிலிருந்தே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

சரியான கோப்பை இறக்கி மறுபடி அளந்தேன். மேடு இல்லை. அடியிலிருந்து உச்சிவரை மூன்று டெசிபலுக்குள் அடங்கிய கோடு. இருபது அறைக்குமேல் செய்திருக்கிறேன், இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை இங்கே எழுதத்தான் வேண்டும். அப்புறம்தான் ஆவுடையப்பன் ஞாபகம் வந்தது.

நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. தனசிங் வீட்டில் டீ கொண்டுவந்து வைத்தார்கள், ஆறிப்போயிற்று.


ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் தனசிங் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்றார். ஸ்பீக்கர்களை ஆறு அங்குலம் முன்னால் இழுத்தேன், மேடு போய்விட்டது என்றேன். இழுத்தது உண்மைதான். புதுக் கோட்டை அனுப்பினேன்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. தட்டியை உடைக்க வேண்டாமா என்றார். வேண்டாம் என்றேன். ஆசாரி கெடுத்ததை டீச்சர் ஆறு அங்குலத்தில் சரி செய்துவிட்டார் என்று குழுவில் போட்டார். பதின்மூன்று பேர் கைகூப்பினார்கள். நான் ஒன்றும் போடவில்லை.

நாளை பிரதிஷ்டை. ஆயரம்மா உட்பட அவ்வளவு பேர் வருகிற இடத்தில் இதை இழுத்துவிட்டு தனசிங்கின் நாளைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. முடியட்டும், சொல்கிறேன். ஜெயக்கொடி சாரிடமும் அப்புறம் பேசிக்கொள்ளலாம், ஞாயிறு மத்தியானம்தானே கூடுகிறார்கள்.


ஆகஸ்ட் 23, சனி

பிரதிஷ்டை நன்றாக நடந்தது. முதல் பாட்டைப் பாடகர் குழு உள்ளே பாட, வெளியே ஸ்பீக்கரில் கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேலை செய்தவர்களுக்கு வேட்டியும் துண்டும் கொடுத்தார்கள். ஏழு பேருக்கு வாங்கியதில் ஒன்று மிஞ்சியது. தனசிங்கின் மனைவி அதை மறுபடி பைக்குள் வைத்தார்.

பிறகு ஆராதனையை நடத்திய போதகர் ஐயர், ஹெப்சிபா அம்மா ரெண்டு வார்த்தை சாட்சி சொல்வார்கள் என்று என்னைக் கூப்பிட்டார். எழுந்தேன். மைக் முன்னால் நின்றபோது பெயிண்டர்களும் எலெக்ட்ரீஷியனும் கடைசி வரிசையில் இருந்தது தெரிந்தது. அன்று அந்த அறையில் இருந்தவர்கள் அவர்கள்தான். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. கஷ்டமான நேரத்தில் கர்த்தர் வழி காட்டினார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் ஆமென் என்றார்கள்.

பிரியாணி. எனக்கு இறங்கவில்லை.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி. பதினொன்றரைக்கு ஜெயக்கொடி சாரின் நம்பரை எடுத்தேன். அந்நேரம் அவர்களுக்கு ஆராதனை நடந்துகொண்டிருக்கும், தொந்தரவாக இருக்கும். பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி எடுத்தேன். குழு கூடியிருக்கும். நடுவில் புகுந்து பேசுவது முறையில்லை. இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அலமாரியை ஒழித்து அடுக்கினேன்.


ஆகஸ்ட் 25, திங்கள்

ஜெயக்கொடி சார் இன்று அவராகவே கூப்பிட்டார். நேற்றுக் கூப்பிட்டிருந்தீர்களே என்றார். ஆவுடையப்பன்மேல் தப்பே இல்லை, தப்பு என் கருவியில், அவர் செய்த வேலையைப் போல நான் பார்த்ததில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். ‘என் கருவியில்’ என்றுதான் சொன்னேன்.

அவர் சங்கடப்பட்டார். வேலையை நேற்றே மதுரைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்தாகிவிட்டது, காலையில் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றார். நான் அன்றைக்கு ஆவுடையப்பனைப் பற்றித் தப்பாக எதுவும் சொல்லவில்லையே என்றேன்.

“நீங்க ஒண்ணுமே சொல்லல மேடம். ஒம்பது வருசம் கூட வேல பாத்தவங்க ஒண்ணும் சொல்லலன்னா, அதுக்கு மேல நாங்க என்னத்தக் கேக்க?”

போனை வைத்துவிட்டு அழுதேன். யாருக்காக அழுதேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. சாயங்காலம் செல்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குதர்க்கம் எதுவும் பேசவில்லை. நாளைக்குக் காரை எடுத்துக்கொண்டு போ, நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார்.


ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆவுடையப்பனைப் பார்க்க வள்ளியூருக்குப் போனேன். நாங்குநேரி தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தி, திரும்பிவிடலாமா என்று கொஞ்சம் யோசித்தேன்.

ஒன்பது வருடத்தில் அவர் வீட்டுக்கு இதுதான் முதல் தடவை. வாசலில் ஓலைப்பந்தலுக்குக் கீழே ஒரு கதவுப் பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். நாசரேத் வேலை கிடைக்கும் என்று நம்பி வேறு இரண்டு வேலையை விட்டுவிட்டாராம். இப்போது பக்கத்து வீட்டுக் கதவு. இதைச் சொன்னது அவர் மனைவி பேச்சியம்மாள். ஆவுடையப்பன் வாங்க டீச்சர் என்று சொல்லி ஸ்டூலைக் காட்டியதோடு சரி.

திருத்தக் கோப்பைப் பற்றிச் சொன்னேன். தப்பு முழுவதும் என்மேல்தான், உங்கள் தட்டிகளில் ஒரு குறையும் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்றேன். அண்ணாச்சி என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். பேச்சியம்மாள் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“என்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? நான் என்ன வச்சேன்னு எனக்குத்தான் தெரியுமே” என்றார் ஆவுடையப்பன். “யார்கிட்டச் சொன்னியளோ அவங்ககிட்டல்லா சொல்லணும்.”

அது நியாயம். போனை எடுத்து, அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதினேன். நான் தப்பான திருத்தக் கோப்பை வைத்து அளந்துவிட்டேன், ஆவுடையப்பன் அண்ணாச்சி சொன்ன பொருளை வைத்துச் சொன்னபடி செய்திருக்கிறார், ஸ்பீக்கரை நகர்த்தியதால் எதுவும் மாறவில்லை, அறை முதல் நாளிலிருந்தே சரியாக இருந்தது, எல்லோர் முன்னாலும் அவர்மேல் பழி போட்டதற்கு வெட்கப்படுகிறேன் என்று எழுதினேன். அனுப்பும் முன் அவரிடம் நீட்டினேன். கண்ணாடி உள்ளே இருக்கிறது, நீங்களே வாசியுங்கள் என்றார். சத்தமாக வாசித்தேன். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, “என்னைக்கு டீச்சர் தெரிஞ்சுது?” என்றார்.

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நேற்றுதான் ஜெயக்கொடி சாரிடம் பேசினேன், கணக்குக்குப் பொருந்தும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்த நோட்டில் மட்டும்தான் வேறு தேதி இருக்கிறது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வியாழக்கிழமை” என்றேன்.

“கமிட்டி ஞாயித்துக்கிழமதான கூடுச்சு?”

“ஆமா.”

பேச்சியம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். ஆவுடையப்பன் பலகையிலிருந்த தூசியைக் கையால் தள்ளினார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அதையும் போடுங்க” என்றார்.

போட்டேன். உண்மை எனக்கு வியாழக்கிழமையே தெரியும், ஞாயிற்றுக்கிழமை அவருடைய வேலை போகும்வரை நான் யாரிடமும் சொல்லவில்லை, சனிக்கிழமை சாட்சி சொல்ல நின்றபோதும் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சரி என்று தலையசைத்தார். ஜெயக்கொடி சாருக்கும் சேர்த்து அனுப்பினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தனசிங்கின் பெயர் திரையில் வந்து போன் அடித்தது. நான் எழுந்து காரருகே போய்ப் பேசலாம் என்று நகர்ந்தேன். ஆவுடையப்பன் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

“இங்கனயே பேசுங்க டீச்சர். ஸ்பீக்கர்ல போடுங்க.”

போட்டேன்.